விட்டேன் என்ற சொல்

மதுரை கீழமாசி வீதிக்குப் பின்னால், எதிரெதிரே வரும் இரண்டு தள்ளுவண்டிகளில் ஒன்று பின்வாங்கியே தீரவேண்டிய அளவுக்கு ஒடுங்கிய ஒரு சந்தில், நடுக்கிட்டங்கி என்று பெயர்பெற்ற சரக்குக் கட்டடத்தின் ஏழாம் தூண், ஒரு பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு, எண்ணூறு வருஷமாக நின்ற இடத்திலேயே உட்கார்ந்தது. அது உட்கார்ந்ததைப் பதினேழு சுமைக்காரர்களும், சாக்குத் தைக்கும் பெண்கள் ஆறு பேரும், மிளகாய் வத்தல் விலை கேட்க வந்திருந்த அருப்புக்கோட்டை வியாபாரி ஒருவரும் கண்ணால் பார்த்தார்கள். வியாபாரி மட்டும், "இங்க இது வழக்கமா?" என்று கேட்டார். "இல்லீங்க, இன்னைக்குத்தான்" என்று பதில் வந்தது. அவர் தலையாட்டிவிட்டு வத்தலைக் காம்பு கிள்ளிப் பார்க்கப் போய்விட்டார்.

அந்தக் கட்டடத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே நகர முடியாது. மூன்று காலத்துக் கட்டடம் அது. தெருவைப் பார்த்த முகப்பு வெள்ளைக்காரன் காலத்தது: செங்கல், சுண்ணாம்பு, பர்மாத் தேக்கு உத்திரம், மங்களூர் ஓடு, யானை நுழையும் உயரத்தில் இரட்டைக் கதவு, கதவுக்கு மேலே காரையில் செய்த ஒரு சிங்கம், அதன் வால் இருந்த இடத்தில் இப்போது ஒரு புறாக்கூடு. பின்கட்டு இப்போதைய முதலாளியின் அப்பா போட்ட தகரக் கொட்டகை. மழை பெய்தால் அதற்குள் ஒருவர் பேசுவது அடுத்தவருக்குக் கேட்காது. இந்த இரண்டுக்கும் நடுவே, பாண்டியர் காலத்துக் கல்மண்டபம் ஒன்று, வரிசைக்கு நாலாக நாலு வரிசையில் பதினாறு தூணோடு, நெல்லுக்குள் அரிசி மாதிரி இருந்தது. இடிக்கச் சோம்பல்பட்டோ, இடித்தால் என்ன ஆகுமோ என்று பயந்தோ, முகப்பைக் கட்டியவர்கள் அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி உள்ளே வைத்துக்கொண்டார்கள். அங்கே குதிரை கட்டினார்கள் என்பார் சிலர், உப்பு அளந்தார்கள் என்பார் சிலர், ஒரு சாமி இருந்து இடம் போதாமல் பெரிய கோயிலுக்கு நடந்து போய்விட்டது என்பார் சிலர். தெரு மட்டம் வருஷா வருஷம் ஏறிக்கொண்டே வர, மண்டபத்தின் தரை மட்டும் தன் காலத்திலேயே நின்றுவிட்டதால், முகப்பிலிருந்து மூன்று படி இறங்கித்தான் அதற்குள் போகவேண்டும். அந்த மூன்று படியில்தான் மூட்டை சுமப்பவனின் முழங்கால் தேயும்.

தூண் ஒவ்வொன்றும் ஒற்றைக் கல். அடி சதுரம், நடு எட்டுப்பட்டை, தலை மறுபடியும் சதுரம், அதன்மேல் இரண்டு பக்கமும் கை விரித்த ஒரு தாங்குகல், அதன்மேல் உத்திரக்கல், அதன்மேல் பாவிய கற்பலகைகள். தாங்குகல்லைப் படித்தவர்கள் போதிகை என்பார்கள். சுமைக்காரர்கள் சும்மாடு என்பார்கள். தலைக்கும் மூட்டைக்கும் நடுவே துணியைச் சுருட்டி வைத்தால் அது சும்மாடு என்றால், தூணுக்கும் கூரைக்கும் நடுவே கல்லைச் செதுக்கி வைத்ததற்கு வேறு என்ன பெயர் இருக்க முடியும் என்பது அவர்கள் கட்சி, அதில் தப்புச் சொல்லவும் முடியாது. நெஞ்சு உயரம் வரைக்கும் தூண்கள் வத்தல் தூசியில் சிவந்து, சாக்கு உரசி உரசி வழுவழுத்துக் கிடந்தன.

சுமைக்காரர்களுக்கு எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. பாதி வழியில் ஒருவனுக்குத் தாங்க முடியாமல் போனால் அவன் "தோள் மாத்து!" என்று கூவ வேண்டும். கூவல் காதில் விழுந்த எவனாயிருந்தாலும், டீ குடித்துக்கொண்டிருந்தாலும், கூவியவனோடு காலையில் கட்டிப்புரண்டு சண்டை போட்டிருந்தாலும், ஓடிப்போய் அவன் முழங்கையைத் தொட்டு "வந்தேன்" என்று சொல்ல வேண்டும். சுமப்பவன் அதற்குப் பதிலாக "விட்டேன்" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் சுமை கைமாறும். சொல்லாதவரைக்கும், மூட்டை யார் தோளில் இருந்தாலும், அது பழைய ஆளின் சுமைதான். விழுந்தால் அவன் பொறுப்பு, நசுங்கினால் அவன் பாவம். "வந்தேன்" என்று ஒருவன் வராமல் "விட்டேன்" என்று சும்மா சொல்லவும் கூடாது. அப்படிச் சொல்பவனை "போட்டுவிட்டு ஓடினவன்" என்பார்கள், அதைவிடக் கேவலமான பேர் அந்தச் சந்தில் கிடையாது.

இந்தச் சட்டம் ஒரே ஒருவனுக்கு மட்டும் அந்தப் பங்குனியில் செல்லாமல் போயிருந்தது. அவன் பெயர் தவசி. ஐம்பத்திரண்டு வயது, இருபத்தேழு வருஷச் சுமை, இடது முழங்காலில் குருத்தெலும்பு சுத்தமாகக் கிடையாது. முதலாளி நல்லபெருமாள் கிட்டங்கியை இடித்துவிட்டு லிஃப்ட் வைத்த வணிக வளாகம் கட்ட ஆசைப்பட்டார். மூட்டைகளைச் சுற்றுச்சாலையில் புதிதாகக் கட்டிய கிட்டங்கிக்கு மாற்றிவிட்டால் அங்கே தூக்குவதற்கு எந்திரம் வந்துவிடும். கட்டடம் பழுது, கல் பெயர்ந்து விழுகிறது, உயிருக்கு ஆபத்து என்று வேலையாட்களில் ஒருவன் கையெழுத்துப் போட்டால் இடிக்க அனுமதி சுலபம் என்று யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவர் தவசியைத் தனியாகக் கூப்பிட்டு, புதுக் கிட்டங்கி வாசலில் வாட்ச்மேன் நாற்காலி ஒன்று காத்திருக்கிறது என்றார். தவசியின் முழங்கால் அந்த நாற்காலியை அவன் கேட்பதற்கு முன்னாலேயே கேட்டுவிட்டது. ஒரு கல்லும் பெயராத கூரையின் கீழே நின்று, கல் பெயர்ந்து விழுவதைப் பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டான்.

சுமைக்காரர் செட்டில் இருந்த மற்ற பதினாறு பேருக்கும் அது தெரிய ஒரு வாரம்கூட ஆகவில்லை. யாரும் அடிக்கவில்லை, ஏசவில்லை. பேச்சை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். செட்டுத் தலைவர் சங்கிலி, ஆள் வரிசையில் அவன் பெயரைக் கூப்பிடுவார், அவன் கண்ணைப் பார்க்க மாட்டார். எல்லாரையும்விட அதிகமாக வாயை மூடிக்கொண்டவன் மொக்கச்சாமி. தவசியின் பெண்டாட்டி சீனியம்மாவின் கூடப்பிறந்த தம்பி, இருபது வருஷமாக அவனோடு ஜோடி சேர்ந்து மூட்டை தூக்கினவன். "மச்சான், மச்சான்" என்று பொழுதுக்கும் வளவளத்தவன், எதிரே வந்தால் தூணைச் சுற்றிக்கொண்டு போனான். தவசிக்கு மற்ற எதுவும் அவ்வளவாக வலிக்கவில்லை. இது வலித்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவன் புளிமூட்டையோடு மூன்றாம் படியில் கால் வைத்தபோது முழங்கால் கழன்றுகொண்டது மாதிரி இருந்தது. ஏழாம் தூணருகே வந்ததும் தாங்க முடியாமல் "தோள் மாத்து!" என்று கூவினான். பதினாறு பேர் காதிலும் அது விழுந்தது. பதினாறு பேரும் தங்கள் தங்கள் மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மொக்கச்சாமி மூட்டை குத்தித் தூக்கும் கொக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தான். இரண்டாம் தடவை கூவத் தவசிக்கு மூச்சு இல்லை. அப்போது அவன் முழங்கையில் ஏதோ குளிர்ச்சியாகப் பட்டது. கல் உரசும் சத்தம் கிர்ரென்று ஒருமுறை கேட்டது, முதுகிலிருந்து பாரம் இறங்கியது. திரும்பிப் பார்த்தால் புளிமூட்டை ஏழாம் தூணின் சும்மாட்டில், விரித்த கல் கை ஒன்றின்மேல் பதவிசாக உட்கார்ந்திருந்தது.

அந்த இடத்தில்தான் தவசி தப்புச் செய்தான். "விட்டேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். கல்லுக்கு வாய் இல்லாவிட்டாலும் அது முழங்கையைத் தொட்டது, அது "வந்தேன்" என்று சொன்னதுதான். ஆனால் அவன் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பதில் வராத தூண் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தது. பிறகு, முழங்கால் இருக்கும் என்று அதுவரை எவரும் நினைத்திராத இடத்தில் மடிந்து, மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, பெருமூச்சு மாதிரித் தூசி கிளம்ப, உட்கார்ந்தது. மேலே உத்திரக்கல் தளர்ந்து ஆள் உயரத்துக்கு இறங்கிவர, பக்கத்தில் இருந்தவன் தவசிதான் என்பதால், இருபத்தேழு வருஷப் பழக்கத்தில் உடம்பு தானாக ஓடிப்போய் அதன் அடியில் தோளைக் கொடுத்தது. உத்திரம் நின்றது. எண்ணூறு வருஷக் கூரையின் கனம் சரியாக ஒரு புளிமூட்டைக் கனம் இருந்தது.

சங்கிலி வந்து தூணைப் பார்த்தார், தவசியைப் பார்த்தார், ஒரு வாரத்துக்குப் பிறகு முதல்முறையாகக் கண்ணைப் பார்த்தார்.

"விட்டேன்னு சொன்னியா?"

"இல்லண்ணே. வாய் வரல."

"அப்ப இது இன்னும் ஒன் சுமைதான் தவசி. மூட்டையும் ஒன்னுது, அது மேல இருந்த கூரையும் ஒன்னுது."

"இப்பச் சொல்றேன். விட்டேன். விட்டேன்."

"வந்தேன்னு ஆள் வராம விட்டேன்னா என்ன பேருன்னு ஒனக்குத் தெரியும்." சங்கிலி தலைத்துண்டை அவிழ்த்து உதறினார். "கூப்பிடு. வர்றதும் வராததும் அவனவன் பாடு."

தவசி கூப்பிடவில்லை. ஒருமுறை கூப்பிட்டதற்குக் கல்தான் வந்தது. இன்னொரு முறை கூப்பிட்டு யாரும் வராவிட்டால் அதற்குப் பிறகு உயிரோடு இருப்பது எப்படி என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் பாட்டுக்கு நின்றான்.

அன்று மாலையும், புதனும், வியாழனும் அவன் அப்படியே நின்றான், கிட்டங்கி அதற்கேற்றபடி தன்னை ஒழுங்குபடுத்திக்கொண்டது. மூட்டை கொண்டுபோகும் பாதையை உட்கார்ந்த தூணின் முழங்காலுக்கு வெளியே ஒரு முழம் தள்ளிச் சுண்ணாம்புக் கோடு போட்டு மாற்றினார்கள். டீக்கடை ராவுத்தர் பதினேழு கிளாஸுக்குப் பதிலாகப் பதினெட்டு அனுப்பினார். பதினெட்டாவது கிளாஸ் தூணின் முன்னால் வைக்கப்பட்டு, ஆறியதும் சாக்குத் தைக்கும் பெண்களில் ஒருத்தியால் குடிக்கப்பட்டது. சங்கிலி ஆள் வரிசையில் பதினெட்டாவதாக "பெரியாளு" என்று கூப்பிட்டு, ஒரு நொடி பொறுத்து, ஆஜர் என்று தானே சொல்லிக்கொண்டார். பூக்காரி ஒரு முழம் கதம்பத்தைத் தூணின் கழுத்தில் சுற்றிவிட்டுப் போனாள். ஓர் அர்ச்சகர் வந்து இது எந்தத் தெய்வத்தின் அம்சம் என்று விசாரித்தார். "சாமியெல்லாம் இல்ல சாமி, எங்க செட்டு ஆளு" என்றார்கள், அவர் திருநீறு கொடுக்காமல் திரும்பிப் போனார். பிள்ளைக்கு நடை வரவில்லை என்று ஒரு தாய் குழந்தையைக் கொண்டுவந்து தூணின் மடியில், புளிமூட்டைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். நிற்கப் பிறந்ததே உட்காரும்போது உட்காரப் பிறந்தது நிற்காதா என்பது அவள் கணக்கு. போலீஸ்காரர் ஒருவர் கூட்டம் எதற்கு என்று கேட்டு, விஷயம் தெரிந்ததும் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தானும் கொஞ்ச நேரம் நின்றார். யாரும் சத்தமாகப் பேசவில்லை. எண்ணூறு வருஷத்துக்குப் பிறகு ஒருத்தர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் சத்தம் போடுவது முறையில்லை என்று எல்லாருக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

சீனியம்மா மூன்று வேளையும் சோறு கொண்டுவந்து பிசைந்து ஊட்டினாள். கல்யாணமான புதிதில்கூட அவள் ஊட்டியதில்லை, அதனால் இருவருக்கும் கூச்சமாக இருந்தது.

"கூப்பிட்டுத்தான் பாருங்களேன். எந்தம்பி அந்தா நிக்கிறான், பத்தடிகூட இல்ல."

"வரமாட்டான்."

"வராட்டா நான் வர்றேன். எனக்குத் தோள் இல்லையா?"

"நீ செட்டு ஆளு இல்ல சீனி."

"அது மட்டும் நல்லாத் தெரியுது ஒங்களுக்கு. கையெழுத்துப் போடும்போது செட்டு தெரியலயா?" என்று சொல்லிவிட்டு அடுத்த கவளத்தை அவன் வாயில் கொஞ்சம் அழுத்தியே வைத்தாள். அவன் மென்றான். கண்ணில் நீர் வந்தது. வத்தல் கிட்டங்கியில் கண்ணில் நீர் வருவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, அந்த ஒரு வசதி அவனுக்கு இருந்தது. பத்தடி தள்ளி மொக்கச்சாமி தனியாகவே இரண்டு ஆள் மூட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தான். ஜோடி போட வேறு யாரையும் அவன் கூப்பிடவில்லை என்பதைத் தவசி வியாழக்கிழமைதான் கவனித்தான்.

அன்று மத்தியானம் சாக்குத் தைக்கும் பெண்கள் ஈரத்துணியால் தூணின் முகத்தைத் துடைத்துவிட்டார்கள். உட்கார்ந்திருப்பவர் முகத்தில் இவ்வளவு தூசி இருக்கலாமா என்று ஆரம்பித்த வேலை, வத்தல் சிவப்பும் அதற்கடியில் நாலு தலைமுறைச் சுண்ணாம்பும் உரிந்ததும், வெட்டெழுத்தில் போய் நின்றது. பழைய எழுத்து. யாருக்கும் படிக்கத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மாநகராட்சியிலிருந்து பொறியாளர் அம்மா ஒருவர் தவசி கையெழுத்துப் போட்ட காகிதத்தோடு வந்தார். நல்லபெருமாள் முன்னால் வழிகாட்டிக்கொண்டு வந்தார். அவர் முகத்தில் மூன்று நாளாகவே சந்தோஷம் தாங்கவில்லை.

"பாருங்கம்மா, தூணே உக்காந்திருச்சு. இதுக்குமேல என்ன சாட்சி வேணும்? எந்த நேரம் என்ன ஆகுமோன்னு எனக்கு உசுரு கையில இல்ல."

பொறியாளர் அம்மா தூண்களிடம் போனார். ஒவ்வொரு தூணாகத் தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார், சாய்வு தெரியத் தூக்குக்குண்டை இறக்கிப் பார்த்தார், டார்ச் அடித்துக் கற்பலகைகளின் இடுக்குகளைப் பார்த்தார். கடைசியில் உட்கார்ந்த தூணின் முன்னால் வந்து, தானும் தரையில் உட்கார்ந்து, துடைத்த எழுத்தின்மேல் விரலை வைத்து, ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தார். அவருக்கு அந்த எழுத்து தெரிந்திருந்தது.

"இத்... தூண்... சுமைகாரர்... தன்மம்." அவர் நிமிர்ந்தார். "இந்தத் தூண் சுமைக்காரங்க கொடுத்த தர்மம்னு எழுதியிருக்கு. அந்தக் காலத்துல யார் தூண் நட்டாங்களோ அவங்க பேரைப் போடுவாங்க."

சங்கிலி கையிலிருந்த கொக்கியைத் தரையில் வைத்தார். கூப்பிட்ட குரலுக்கு வந்தது யார் என்று இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. எண்ணூறு வருஷத்துக்கு முந்திய செட்டு. தாங்கள் பத்தடியில் நின்றுகொண்டு வராதபோது, அவர்கள் அந்தக் காலத்திலிருந்து வந்திருந்தார்கள். பதினாறு பேரும் குனிந்த தலை நிமிரவில்லை.

பொறியாளர் அம்மா எழுந்து தவசியிடம் வந்தார். "தவசிங்கிறது நீங்கதானே? கல் பெயர்ந்து விழுறதைக் கண்ணால பார்த்தேன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. பார்த்தீங்களா?"

"தவசி, யோசிச்சுப் பேசு" என்றார் நல்லபெருமாள்.

தவசி யோசித்தான். நாற்காலி அவன் கண்முன்னே வந்து நின்றது. பிளாஸ்டிக் நாற்காலி, நீலக் கலர், கைப்பிடி வைத்தது. முழங்கால் அதைப் பார்த்து ஏங்கியது. அந்தப் பக்கம் தூண் உட்கார்ந்திருந்தது, அவனுடைய புளிமூட்டையை மூன்று நாளாக மடியிலிருந்து இறக்கி வைக்காமல்.

"பாக்கலம்மா" என்றான். "ஒரு கல்லும் விழல. நான் உக்கார ஆசப்பட்டேன், அதான் போட்டேன். பழுது கட்டடத்துல இல்லம்மா, எங்கிட்டதான்."

அதைச் சொன்னதும் அவன் உடம்பில் மூன்று நாளாக முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று போய்விட்டது. இடது முழங்கால் ஆடியது. உத்திரம் ஒரு விரல்கடை இறங்கியது, மேலே புறாக்கள் படபடத்துப் பறந்தன. சீனியம்மா தூக்குச்சட்டியைக் கீழே போட்டாள். இனிக் கூப்பிடக்கூடாது என்று வைராக்கியமாக இருந்த தவசி, வாயைத் திறந்து, இருக்கிற மூச்சையெல்லாம் கூட்டிக் கூவினான்:

"தோள் மாத்து!"

கூவி முடிந்து அடுத்த மூச்சு வருவதற்குள் அவன் முழங்கையில் ஒரு கை பட்டது. சுடு கை, வியர்த்த கை, உள்ளங்கையெல்லாம் கொக்கிக் காய்ப்பு.

"வந்தேன்" என்றான் மொக்கச்சாமி.

உத்திரத்தின் அடியில் அவன் தோளும் ஏறிக்கொண்டது. தவசிக்குப் பதில் சொல்ல வேண்டும், இந்தத் தடவையும் நாக்கு எழவில்லை. பயத்தால் இல்லை, அழுகையால். இரண்டு பேரும் கன்னத்தோடு கன்னம் உரச ஒரே கல்லைத் தாங்கிக்கொண்டு நின்றார்கள்.

"சொல்லுங்க மச்சான்" என்றான் மொக்கச்சாமி மெதுவாக. "நீங்க சொன்னாத்தான் இது எனக்கு."

"மாப்ள..."

"அன்னைக்கும் காதுல விழுந்துச்சு மச்சான். கொக்கியத் தொடச்சுக்கிட்டு நின்னேன். சொல்லுங்க."

"விட்டேன்" என்றான் தவசி.

அந்தச் சொல்லுக்காகத்தான் இன்னொருவரும் மூன்று நாளாகக் காத்திருந்தார். ஏழாம் தூண் கிர்ரென்று ஒருமுறை உரசி, எழுந்தது. எழும்போது புளிமூட்டையைச் செட்டு ஆள் இறக்குகிற மாதிரியே, தைத்த வாய் மேலே பார்க்க, தவசியின் காலடியில் இறக்கி வைத்தது. கதம்பம் கழுத்திலேயே இருந்தது. பிறகு மொக்கச்சாமியின் முழங்கையை லேசாகத் தொட்டது. அவன் தப்புச் செய்யவில்லை, உடனே "விட்டேன்" என்று உரக்கச் சொன்னான். உத்திரம் தன் சும்மாட்டில் போய் உட்கார்ந்தது. பொறியாளர் அம்மா தன் நோட்டில், தூண்கள் பதினாறு, உறுதி, என்று எழுதி அடியில் தேதி போட்டார். நல்லபெருமாள் காரை எங்கே நிறுத்தினோம் என்பதே மறந்து சந்தின் தப்பான முனைக்கு நடந்து போனார்.

தவசி இன்னமும் மூட்டைதான் சுமக்கிறான், ஒரு மூட்டைக்கு மூன்று தடவை கூவுகிறான், மூன்று தடவையும் ஆள் வருகிறது. ஏழாம் தூண் இருந்த இடத்திலிருந்து ஒரு விரல்கடை தெற்கே தள்ளி நிற்கிறது. தரையில் பழைய தடம் தெரியும். காலையில் வேலைக்கு வரும் ஒவ்வொருவனும் மூன்று படி இறங்கியதும் முதல் காரியமாக அதன் பக்கவாட்டில், முழங்கை இருக்கக்கூடிய உயரத்தில், கையை வைத்து "வந்தேன்" என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் பதிலுக்குக் காத்து நிற்கிறான். தூண் இதுவரை "விட்டேன்" என்று சொன்னதில்லை.